ஓனிலின் மோவாய்

சேன்-ஜான்-போர்-ஜோலி
10 அக்டோபர் 1976

அன்புள்ள தங்கை பெர்னாந்துக்கு,

லூட்ஜே எழுதிக்கொள்வது. நான் நலம். முதுகு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் ரொமேயோ மச்சானும் நலந்தானே? அங்கே வடக்கில் இதற்குள் பனி முழங்கால் வரை வந்திருக்கும். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் எங்கள் தெருவுக்கே ஒரே இணைப்பு என்பது உனக்குத் தெரியும். நான் ரிசீவரை எடுத்தால் பக்கத்து வீட்டு யூடோக்ஸி அம்மாள் மூச்சுவிடும் சத்தம்தான் முதலில் கேட்கிறது.

செய்தி இதுதான். பனி ஹாக்கி அரங்கத்துக்குப் புதுக் கூரை போடுகிறார்கள். வருகிற மே மாதம் திறப்பு விழா. நாம் மாவட்டக் கோப்பையை ஜெயித்து அப்போது இருபது வருடம் ஆகிறதாம். அந்த அணியில் விளையாடிய ஆட்களை மரத்தில் செதுக்கித் தரும்படி விழாக்குழு கேட்டிருக்கிறது. சாமி சிலை மாதிரி வேண்டாம், பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும் என்றார்கள். அதற்கு வேறு யாரிடம் போவார்கள்?

அதெலாரை முடித்துவிட்டேன். முதலில் தொப்பையைச் செதுக்கினேன், மிச்சமிருந்த மரத்தில்தான் அவன். பெலாஞ்சே இரட்டையர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பல் வைத்திருக்கிறேன். என்னையும் விடவில்லை. ஒரு ஆட்டத்திலும் இறங்காத மாற்று ஆட்டக்காரன், பெஞ்சுப் பலகை பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வருகிற மாதிரி.

மச்சானின் அந்தக் காலப் படம் ஒன்று அனுப்பு. கோல் காப்பாளர் இல்லாமல் அணி ஏது? ஓனில் காஸ்தோங்கேவுக்குத்தான் படமே கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மேன் மாநிலத்து மரவெட்டு முகாம்களிலிருந்து தாடியோடு திரும்பியவன், இன்றுவரை அதை எடுக்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் அவன் தாடிக்குள்ளிருந்துதான் பதில் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஞாபகத்தை நம்பிச் செதுக்க வேண்டியதுதான்.

உன் மகள் ஜிஸ்லேன் கெபெக் நகரத்திலிருந்து கடிதம் போட்டிருந்தாள். நர்ஸ் படிப்பு கடினமாம். கோடை முழுக்க அவள் இங்கே இருந்துவிட்டுப் போனதிலிருந்து வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

உன் அண்ணன்
லூட்ஜே

*

ஷெஃபர்வில்
7 நவம்பர் 1976

அன்புள்ள அண்ணன் லூட்ஜேவுக்கு,

நாங்கள் நலம். உன் முதுகுக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள். மருந்துக் கடையில் விற்கும் களிம்பையெல்லாம் நம்பாதே.

ரொமேயோவின் படம் இத்துடன் இருக்கிறது. மூக்கு உடைவதற்கு முந்தையது. உடைந்த மூக்கு வேண்டுமென்றால் நீயே உடைத்துக்கொள். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவரே உரக்கப் படித்தார். ஒற்றைப் பல் வந்த இடத்தில் சூப்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். யார் துவைப்பது?

ஒன்று கேட்கிறேன். எல்லாரையும் செதுக்கித்தான் ஆக வேண்டுமா? ஓனில் கோப்பை ஜெயித்த அதே மாதம் ஊரைவிட்டுப் போனவன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. படமும் இல்லை என்கிறாய். அவனை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடப்போகிறது? உன் முதுகை நினைத்துத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
பெர்னாந்த்

*

போர்-ஜோலி
5 டிசம்பர் 1976

அன்புள்ள பெர்னாந்துக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆற்றங்கரையில் பனிக்கட்டி சேர ஆரம்பித்துவிட்டது.

உன் யோசனை தாமதமாக வந்தது. ஓனிலை முடித்துவிட்டேன். சொன்னால் நம்பமாட்டாய், எல்லாரையும்விட அவன்தான் நன்றாக வந்திருக்கிறான். தாடிக்குள் என்ன இருந்ததென்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை தானாகப் போனது. மோவாய் மண்வாரி மாதிரி முன்னால் நீண்டு, நடுவில் ஒரு குழி. வலப்புருவம் மட்டும் மேலே ஏறி, ‘அப்படியா சங்கதி?’ என்று கேட்கிற மாதிரி. மட்டையை ஊன்ற வேண்டிய அவசியமே இல்லை, மோவாயை ஊன்றியே நிற்கலாம்.

இப்போது என் குழப்பத்தைக் கேள். யூடோக்ஸி அம்மாள் முட்டை கொடுக்க வந்தாள். அதெலாரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓனில் பொம்மையை எடுத்தவள் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாள்.

“யாருடா இது?”

“ஓனில்தான். தெரியலையா?”

“ஓனிலா? இந்த மூஞ்சியை நான் போன கோடையில பாத்தேனே...”

“தினமும் கடையில பாக்கிறீங்களே, கோடை என்ன, குளிர் என்ன?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். “உனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாதா, லூட்ஜே?” என்றாள். முட்டைக்கூடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் வந்து பார்த்தார். அவரும் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். என் வேலையில் ஏதோ பிழை இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கால் அளவு தப்பா? சறுக்குக் காலணி தப்பா? நீயாவது சொல். ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மச்சானின் மூக்கை உடைத்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளச் சொல்.

லூட்ஜே

*

போர்-ஜோலி
16 ஜனவரி 1977

அன்புள்ள பெர்னாந்துக்கு,

உங்கள் மூவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லையே. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் அனுப்பிய படம் கிடைத்ததா?

இங்கே குழப்பம் கூடிவிட்டது. ஓனிலே வந்துவிட்டான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து, “எங்கடா என்னை வெச்சிருக்க?” என்றான். கொடுத்தேன். சிரிப்பான் அல்லது அடிப்பான் என்று இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

“இது என் மோவாய் இல்ல” என்றான்.

“கேலிப் பொம்மைன்னா கொஞ்சம் இழுத்துத்தான் விடணும். கோவிச்சுக்காத.”

“அதுக்கில்லடா. எனக்கு எங்கப்பா மோவாய், சின்னது. இந்தக் குழி, இந்தப் புருவம்... இது எங்கம்மா. நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டா. நீங்க இந்த ஊருக்குக் குடிவர்றதுக்கு முன்னாடியே. நீ அவளைப் பாத்ததே இல்லையே. எங்கேர்ந்து எடுத்த?”

எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பெர்னாந்த். தெரியவில்லை என்றேன். அவன் பொம்மையை மேசைமேல் வைத்தான். பிறகு சம்பந்தமே இல்லாமல், “போன கோடையில உன் வீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சே, யாரு?” என்றான். தங்கை மகள் என்றேன். என்ன வயது என்றான். சொன்னேன். எந்த மாதம் பிறந்தாள் என்றான். அக்டோபர் என்றேன். அவள் ஆணி வாங்கப் பல தடவை கடைக்கு வந்ததாகவும், தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னான். கையுறையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

என் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் எதையாவது மறந்துவிட்டுப் போகிறார்கள். இதெல்லாம் என்ன? உனக்கு ஏதாவது புரிகிறதா?

உடனே பதில் போடு.

லூட்ஜே

*

ஷெஃபர்வில்
20 பிப்ரவரி 1977

அண்ணனுக்கு,

நலம். காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. பனியில் ரயில் நின்றுபோனதால் தபால் தாமதம்.

படம் வந்தது. நான்தான் பிரித்தேன். ரொமேயோ இன்னும் பார்க்கவில்லை, பார்க்க அப்படி அவசரமும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. ஓனிலின் மோவாயை மட்டும் வெட்டிச் சின்னதாக்கிவிடு. அப்படி ஒரு மோவாய் யாருக்கும் இல்லை. மரம்தானே, சீவினால் போகிறது. புருவத்தையும் சமமாக்கு.

விழாவுக்கு எங்களால் வர முடியாது. ரொமேயோவுக்குச் சுரங்கத்தில் விடுப்புக் கிடைக்காது. ஜிஸ்லேனுக்குப் பரீட்சை.

வயது, மாதம் என்று வருகிறவர்களிடமெல்லாம் எதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

பெர்னாந்த்

*

போர்-ஜோலி
20 மார்ச் 1977

அன்புள்ள பெர்னாந்துக்கு,

காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்க வாளி கட்டிவிட்டார்கள். பாகு காய்ச்சியதும் உனக்கு அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி கத்தியை எடுத்தேன். மோவாயில் வைத்தேன். கை நகரவில்லை. சோம்பல் இல்லை, பிடிவாதமும் இல்லை. அந்த முகத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்று கேட்டால் தெரியாது. சும்மா இருக்கும்போதுகூட எடுத்துப் பார்க்கிறேன். ஓனிலை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். பிறகு எதற்கு அவன் பொம்மையைப் பார்த்தால் வாய் இளிக்கிறது?

இன்னொன்று. விழாக்குழுவுக்கு மச்சானிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். தானும் ஜிஸ்லேனும் வருவதாக, விடுப்பு ஜனவரியிலேயே வாங்கிவிட்டதாக. நீ முடியாது என்கிறாய், அவர் வருகிறேன் என்கிறார். யார் சொல்வதை நான் எடுத்துக்கொள்வது? ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

லூட்ஜே

*

ஷெஃபர்வில்
8 ஏப்ரல் 1977

லூட்ஜே,

நலம் விசாரிக்க நேரமில்லை. தபால் ரயில் கிளம்பப்போகிறது.

அவரைத் தடுக்க முடியவில்லை. என்ன காரணம் சொல்லித் தடுப்பேன்? நான் வரவில்லை. நான் அங்கே நின்றால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜிஸ்லேன் அந்தப் பொம்மையின் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவரும் அவளும் அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஏன் என்று கேட்காதே. நீ என் அண்ணன் என்றால் கேட்காதே.

பெர்னாந்த்

*

போர்-ஜோலி
17 ஏப்ரல் 1977

அன்புள்ள பெர்னாந்துக்கு,

நான் நலம். நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

கேட்கமாட்டேன். உன் கடிதம் வந்த அன்று பட்டறை ஜன்னலருகே போய் நின்றேன். போன கோடையில் எடுத்த ஜிஸ்லேனின் படம் அங்கேதான் சட்டத்தில் இருக்கிறது. செதுக்கும்போதெல்லாம் என் கண்ணுக்கு நேராக. சுற்றுலாக்காரர் யாரோ சொன்ன கதையைக் கேட்டு, ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

குழந்தையாய் இருந்தபோதிலிருந்து பார்க்கிற முகம். அதை நான் முகமாகவே பார்த்ததில்லை. அவள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கெல்லாம் மூக்கு, காது, மோவாய் என்று தனித்தனியாய்ப் பிரித்துப் பார்க்கிறவன் நான்.

ஓனிலைப் புதிதாகச் செதுக்கியிருக்கிறேன். தாடியோடு. இப்போது இருக்கிற மாதிரியே. யார் கேட்டாலும், தாடிதானே அவனுடைய வேடிக்கை என்று சொல்லிக்கொள்வேன். பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அடுப்பில் போடத்தான் நினைத்தேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. முடியவில்லை.

இனி நீ பயப்பட ஒன்றுமில்லை.

உன் அண்ணன்
லூட்ஜே

*

போர்-ஜோலி
16 மே 1977

அன்புள்ள பெர்னாந்துக்கு,

நலம். மச்சானும் ஜிஸ்லேனும் நேற்று நல்லபடியாகக் கிளம்பினார்கள். அவள் கெபெக் நகரத்துக்கு, அவர் வடக்கே உன்னிடம். என் கடிதத்துக்கு முன்பே அவர் வந்துசேர்ந்திருப்பார்.

விழா பிரமாதம். இறைச்சி அடையும் சர்க்கரை அடையும் மேசை மேசையாக. ஒவ்வொருவனாக மேடைக்குக் கூப்பிட்டு அவனவன் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். அதெலார் தன் தொப்பைமேல் தன்னை உட்காரவைத்துக் காட்டினான். இரட்டையர்கள் அந்த ஒற்றைப் பல் யாருடையது என்று மேடையிலேயே சண்டை போட்டார்கள். மச்சான் உடைந்த மூக்கைத் தடவிப் பார்த்து, “நான் நேர்ல வாங்கினதைவிட இதுல அழகா உடைஞ்சிருக்கு” என்றார். ஊரே கைதட்டியது.

ஓனிலும் வந்தான். தாடி மார்பு வரை. ஜனவரிக்குப் பிறகு கத்தரிக்கோலே படவிடவில்லை போலிருக்கிறது. கழுத்தில் கம்பளித் துண்டு வேறு, மே மாதத்தில்! பொம்மையை வாங்கினான், எல்லாருக்கும் சிரிப்பு. அவனும் சிரித்தான். ஜிஸ்லேன் நின்ற பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கதவைத் தாண்டும்போது மட்டும் நின்றான். அவள் கோட்டு கீழே விழுந்து கிடந்தது. எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. யூடோக்ஸி அம்மாள் பார்த்தாள். வாய் நிறைய சர்க்கரை அடையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் நான் அதை எதிர்பார்க்கவே இல்லை.

மச்சானுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பட்டறையைப் பார்த்தார், உளிகளைப் பார்த்தார், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

நிம்மதியாக இரு.

லூட்ஜே

*

ஷெஃபர்வில், சுரங்கச் சாப்பாட்டுக்கூடம்
23 மே 1977

மச்சானுக்கு,

சுகமா வந்து சேர்ந்தேன். நான் கடிதம் எழுதி எத்தனையோ காலமாகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது, அதனால் இங்கே. பதிலும் போடாதே.

பட்டறையில் நான், “இன்னொரு ஓனில் இருந்தானே, அவன் எங்கே?” என்று கேட்டதும் நீ கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாய். பாவமாக இருந்தது. விளக்கமாகச் சொல்லாமல் ரயிலேறிவிட்டேன், அதனால் இப்போது சொல்கிறேன்.

உன் படம் டிசம்பரிலேயே வந்தது. தபாலை எடுத்தது நான். உறையைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டி மேசைமேல் வைத்தேன். பெர்னாந்த் பார்த்துவிட்டுத் துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்தாள். கிறிஸ்துமஸ் முழுக்க அவள் ஒரு பாத்திரத்தைக்கூட நேராக வைக்கவில்லை.

எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கண் கேட்டது. கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஓனில் ஊரைவிட்டுப் போனபின் அரங்கத்துக்குப் பின்னால் நின்று அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன், அவள் சரியென்றாள். மற்றதை அவளே சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்புறம் குழந்தை பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது, என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காத்திருந்ததே மறந்துபோயிற்று.

அங்கே உன்னிடம் சொன்னது நிஜம்தான். மோவாய் போதாது. நம்ம பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் நீளம். அடுத்த தடவை சரியாகச் செய்.

பெர்னாந்திடம் சொல்லிவிடாதே. அவள் காலையில் எழுந்ததிலிருந்து என்னைத் திட்டுகிறாள். குறட்டை, சூப், கதவைச் சாத்தாதது. எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் திட்டுவதை நிறுத்திவிடுவாள். நன்றியோடு பார்க்க ஆரம்பித்துவிடுவாள். இந்தக் குளிரில் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பழைய ஓனிலை நீ கொடுத்ததற்கு நன்றி. என் வேலைப் பையில் இருக்கிறான். பார்த்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

உன் மச்சான்
ரொமேயோ

*

ஷெஃபர்வில்
19 ஜூன் 1977

அன்புள்ள அண்ணன் லூட்ஜேவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? மேப்பிள் பாகு வந்தது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நம்பிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் அவருடைய வேலைப் பையைத் துவைக்க எடுத்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். நான் கேட்கவில்லை. அடியில், நல்ல கைக்குட்டை ஒன்றில் சுற்றி, உன் கைவேலை இருந்தது. நீ பெட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எத்தனையோ வருடம் அவரோடு வாழ்ந்த ஒவ்வொரு நாளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எந்த நாளில் அவருக்குத் தெரிந்திருந்தது, எந்த நாளில் தெரியாமல் இருந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருந்தார்.

அதே கைக்குட்டையில் அதே மடிப்பில் சுற்றி வைத்துவிட்டேன். பையைத் துவைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அவரிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. கோட்டை வாங்கி மாட்டினேன். கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன். சேற்றுக்காலோடு வந்தார், துணியை எடுத்து நானே துடைத்தேன். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதித் தட்டு அப்படியே இருந்தது. நேற்று சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டார். திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம்.

“பெர்னாந்த், நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“அப்புறம் ஏன் வாரம் பூரா என்னைத் திட்டலை? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவர் குரலில் அப்படி ஒரு பயம், லூட்ஜே. கோப்பையை ஜெயித்த அன்றுகூட அவர் அப்படி நடுங்கியதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அடுப்பைப் பார்த்தேன். அவருடைய ஈரக் காலுறைகள் அடுப்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, பட்டாணி சூப் பானைக்கு நேர் மேலே.

“இது அடுப்பா, உங்க துணிக்கொடியா? மனுஷன் சாப்பிடற சூப்புக்கு மேலயா இதைத் தொங்கப்போடுவாங்க? எத்தனை தடவை சொல்றது, எருமை மாதிரி நின்னு கேட்டுக்கிட்டு மறுபடி அதையே பண்றது...” என்று ஆரம்பித்தேன். எனக்கே தெரியாமல் நீண்டுகொண்டே போனது. நடுவில் அழுகை வந்தது, அதையும் சேர்த்தே திட்டினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு காலுறைகளை எடுத்தார். மேசையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சூப் குடித்தார். உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலையில் ஜிஸ்லேன் உன் வீட்டுக்கு வருகிறாள். கடைக்கு ஆணி வாங்க அவளையே அனுப்பு.

உன் தங்கை
பெர்னாந்த்